மறதி என்னும் பெயருக்கு அப்பால்: முற்றிய மறதிநோயில் இதம் பேணும் தணிப்புப் பராமரிப்பு

ஆய்வுச்சுருக்கம்

மறதிநோய் நினைவாற்றலை மட்டும் பாதிப்பதன்று. பேச்சு, நடை, விழுங்கும் திறன் ஆகியவற்றைப் படிப்படியாகக் குலைத்து இறப்பில் முடியும் நோயாகும். தமிழில் வழங்கும் பெயர்கள் இந்நோயின் தொடக்க அறிகுறியை மட்டுமே சுட்டுவதால், அதன் இறுதிநிலை குடும்பத்தாரின் கவனத்திற்கு எளிதில் வருவதில்லை. இறுதிநிலை அறியப்படாதவிடத்துப் பயன் குறைந்த, துன்பம் மிகுந்த மருத்துவத் தலையீடுகள் இடம்பெறுகின்றன. முற்றிய மறதிநோயில் இதத்தை முதன்மை நோக்கமாகக் கொள்ளும் தணிப்புப் பராமரிப்பு உருவான வரலாற்றையும், வலி, உணவு, நோய்த்தொற்று ஆகிய மூன்று களங்களில் அது செயற்படும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. இதம் பேணல் சிகிச்சையைக் கைவிடுதல் அன்று. தனக்கென அறிவும் பயிற்சியும் வேண்டி நிற்கும் ஒரு சிகிச்சை நோக்கம் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மறதிநோய், தணிப்புப் பராமரிப்பு, இதம் பேணல், வலி மதிப்பீடு, கையால் ஊட்டுதல், முன்கூட்டிய மருத்துவ விருப்பாவணம்

முன்னுரை

டிமென்சியா என்று மருத்துவ உலகம் வழங்கும் நோய்த்தொகுதி தமிழகத்தில் மறதிநோய் எனவும் முதுமை மறதி எனவும் குறிக்கப்படுகிறது. ஈழத்துப் பேச்சு வழக்கில் முதியவர் நிலைதடுமாறிப் பேசுவதை ‘அறளை பெயர்தல்’ என்பர். இச்சொற்கள் யாவும் நினைவும் அறிவும் தடுமாறும் நிலையையே முன்னிறுத்துகின்றன. ஆயின் நோய் அந்நிலையோடு நிற்பதில்லை. மூளைத் திசுவின் அழிவு தொடரத் தொடர, நோயாளி பெற்ற மக்களை அடையாளம் காணும் ஆற்றலை இழக்கிறார். பேச்சு ஓரிரு சொற்களாகச் சுருங்குகிறது. நடை நிற்கிறது, சிறுநீர், மலம் ஆகியவற்றின் மீதான கட்டுப்பாடு போகிறது, இறுதியில் உணவை விழுங்குவதும் இயலாமற்போகிறது. இதனையே முற்றிய மறதிநோய் என்கிறோம்.

முதியோர் நலம் பற்றிய இந்திய அளவிலான ஆய்வின் அடிப்படையில் 2023இல் வெளியான மதிப்பீடு, 60 வயதுக்கு மேற்பட்டோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இந்நோயுடன் வாழ்வதாகக் கூறுகிறது. இவர்களுள் பலர் முற்றிய நிலையை எய்தும்வரை வாழ்வர். அந்நிலையில் அவர்களுக்குச் செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்னும் வினாவிற்குப் பெரும்பாலும் விடை கூற வேண்டியவர்கள் அவர்தம் குடும்பத்தாரே. அவ்விடையைத் தேடுவோர்க்கு உதவும் மருத்துவ அறிவைத் தமிழில் தொகுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தணிப்புப் பராமரிப்பும் மறதிநோயும்

நவீனத் தணிப்புப் பராமரிப்பின் தொடக்கமாக, சிசிலி சாண்டர்ஸ் 1967இல் இலண்டனில் நிறுவிய செயின்ட் கிறிஸ்டோபர் காப்பகம் சுட்டப்படுகிறது. நோயாளியின் துன்பம் உடல், உள்ளம், சமூக உறவு, ஆன்மிகம் ஆகிய நான்கும் பின்னிப் பிணைந்தது என்பதை அவர் ‘முழுமையான வலி’ என்னும் கருத்தாக்கத்தால் விளக்கினார். எனினும் அவ்வியக்கம் தொடக்கத்தில் புற்றுநோயாளிகளையே பெரிதும் மையமிட்டிருந்தது. புற்றுநோயாளி தம் வலியைச் சொல்ல வல்லவர். தம் விருப்பத்தை உரைக்க வல்லவர். இவ்விரண்டும் இயலாத மறதிநோயாளி அதன் எல்லைக்கு வெளியே நின்றார்.

இவ்விடைவெளியை நிரப்பிய முன்முயற்சிகளுள் ஒன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள பெட்ஃபோர்டு நகரில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் நிகழ்ந்தது. அங்குள்ள மறதிநோய்ப் பிரிவில் பணியாற்றிய லாடிஸ்லாவ் வோலிசரும் அவர்தம் குழுவினரும் முற்றிய அல்சைமர் நோயாளிகளுக்குக் காப்பக அணுகுமுறையைக் கையாண்டு, அதன் விளைவுகளை 1986இல் வெளியிட்டனர். அவர்கள் பராமரிப்பை ஐந்து படிநிலைகளாக வகுத்தனர். முதற்படியில் எல்லாச் சோதனைகளும் சிகிச்சைகளும் உயிர்மீட்பு முயற்சியும் உண்டு. இரண்டாம் படியில் உயிர்மீட்பு முயற்சி மட்டும் விலக்கப்படும். மூன்றாம் படியில் தீவிர சிகிச்சை மருத்துவமனைக்கு மாற்றுதலும் விலக்கப்படும். நான்காம் படியில் உயிருக்கு ஊறு விளைக்கும் தொற்றுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி தரப்படாது. காய்ச்சல் தணிக்கும் மருந்தும் வலி நீக்கும் மருந்தும் தரப்படும். ஐந்தாம் படியில் குழாய்வழி உணவும் விலக்கப்பட்டு, நோயாளியின் இதம் ஒன்றே நோக்கமாகும்.

எந்தப் படி என்பதை மருத்துவர் தனித்து முடிவு செய்யவில்லை. மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர் ஆகியோர் குடும்பத்தாருடன் அமர்ந்து பேசியே முடிவெடுத்தனர். நோயாளி நலமாக இருந்த காலத்தில் எதை விரும்பியிருப்பார் என்பதே அவ்வுரையாடலின் மையவினாவாக அமைந்தது. நெருக்கடி நேர்வதற்கு முன்பே முடிவெடுத்தல், எடுத்த முடிவை எழுதி வைத்தல், நிலை மாறும்போது அதனை மறு ஆய்வு செய்தல் ஆகியன இன்றும் இத்துறையின் அடிப்படை நெறிகளாகும்.

ஐரோப்பியத் தணிப்புப் பராமரிப்புக் கழகம் 2014இல் வெளியிட்ட வெள்ளை அறிக்கை இச்சிந்தனையை மேலும் ஒழுங்குபடுத்தியது. 23 நாடுகளைச் சேர்ந்த 64 வல்லுநர்களின் கருத்தொருமிப்பில் உருவான அவ்வறிக்கை, 11 களங்களில் 57 பரிந்துரைகளை முன்வைக்கிறது. வாழ்நாளை நீட்டித்தல், செயல்திறனைப் பேணுதல், இதத்தைப் பெருக்குதல் என்னும் மூன்று நோக்கங்களும் நோயின் எல்லா நிலைகளிலும் உண்டு; நோய் முற்றுந்தோறும் அவற்றின் முதன்மை மாறுகிறது; முற்றிய நிலையில் இதமே தலைமை பெறுகிறது என்பது அதன் மையக் கருத்தாகும்.

பெயர் மறைக்கும் உண்மை

மறதிநோய் இறப்பில் முடியும் நோய் என்பதைத் தெளிவாக நிறுவிய ஆய்வு 2009இல் வெளியானது. சூசன் மிட்செல்லும் பிறரும் பாஸ்டன் நகரப் பகுதியிலுள்ள 22 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் முற்றிய மறதிநோயுடன் வாழ்ந்த 323 பேரை 18 மாதங்கள் தொடர்ந்து கவனித்தனர். அக்காலத்திற்குள் 54.8 விழுக்காட்டினர் இறந்தனர். அவர்களுள் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற திடீர் நிகழ்வுகளால் இறந்தவர் மிகச் சிலரே. 41.1 விழுக்காட்டினருக்கு நிமோனியாவும், 52.6 விழுக்காட்டினருக்குக் காய்ச்சலும், 85.8 விழுக்காட்டினருக்கு உண்பதில் இடர்ப்பாடும் நேர்ந்தன. நிமோனியா கண்டோரில் 46.7 விழுக்காட்டினர் ஆறு மாதங்களுக்குள் இறந்தனர். விழுங்க இயலாமை, தொற்று, காய்ச்சல் ஆகியன இந்நோயின்மேல் வந்து சேர்ந்த வேறு நோய்கள் அல்ல. இந்நோய் முடிவை நெருங்கும் வழியே அவை என்பது இதனால் பெறப்படுகிறது.

அவ்வாய்வின் மற்றொரு முடிவு நம் கவனத்திற்கு உரியது. இறந்தோருள் 40.7 விழுக்காட்டினர் தம் இறுதி மூன்று மாதங்களில் மருத்துவமனைச் சேர்க்கை, அவசரப் பிரிவு வருகை, நரம்புவழி மருந்தேற்றம், குழாய்வழி உணவு ஆகியவற்றுள் ஒன்றையேனும் எதிர்கொண்டனர். ஆனால் எவருடைய குடும்பத்தார் நோயின் போக்கையும் வரவிருக்கும் சிக்கல்களையும் அறிந்திருந்தனரோ, அவருக்கு இத்தகைய தலையீடுகள் நேரும் வாய்ப்பு மிகக் குறைவாக இருந்தது. நோயாளிக்கு நேரும் துன்பத்தின் அளவு, குடும்பத்தாருக்கு உரைக்கப்பட்ட செய்தியோடு தொடர்புடையது என்பதை இது காட்டுகிறது.

இவ்விடத்தில்தான் பெயர் பற்றிய சிக்கல் எழுகிறது. ‘புற்றுநோய் முற்றிவிட்டது’ என்னும் தொடரைக் கேட்ட தமிழ்க் குடும்பம் அதன் பொருளை உடனே உணர்ந்துகொள்ளும். ‘மறதி அதிகமாகிவிட்டது’ என்னும் தொடர் அவ்வாறு உணர்த்துவதில்லை. மறந்து போவதனால் யாரும் இறப்பதில்லை என்பது இயல்பான எண்ணம். ஆகவே நிமோனியா வரும்போது அது புதிதாக வந்த நோயாகவும், உணவு இறங்காமற்போகும்போது அது பராமரிப்பவரின் குறையாகவும் கொள்ளப்படுகிறது. ‘முதுமை’ என்னும் அடைமொழியோ இது நோயே அன்று, வயதின் இயல்பு என்னும் மயக்கத்தையும் உடன் கொணர்கிறது. பெயரை மாற்றுவது எளிதன்று. ஆயினும் இப்பெயரால் சுட்டப்படும் நோயின் முழுப்போக்கையும் தமிழில் எடுத்துரைப்பது இயலக்கூடியதே.

வலி: சொல் இழந்தவரின் மொழி

வலியைக் குறிக்கத் தமிழில் நுண்ணிய வினைச்சொற்கள் பல உண்டு. தலை இடிக்கிறது; காது குடைகிறது; வயிறு கடுக்கிறது; கால் உளைகிறது; கண் உறுத்துகிறது; புண் தெறிக்கிறது. இவை ஒவ்வொன்றும் மருத்துவருக்கு ஒரு குறிப்பைத் தருகின்றன. முற்றிய மறதிநோயாளி இழப்பது இச்சொற்களையே அன்றி வலியை அன்று. சொல் இல்லாதவிடத்து வலி இல்லை எனக் கொள்வதன் விளைவு கொடியது. நியூயார்க்கில் இடுப்பெலும்பு முறிவுற்றோரிடையே செய்யப்பட்டு 2000இல் வெளியான ஓர் ஆய்வில், முற்றிய மறதிநோயாளிகள் பெற்ற மார்ஃபின் வகை மருந்தின் அளவு, அறிவுத் தெளிவுள்ள நோயாளிகள் பெற்றதில் மூன்றிலொரு பங்கே எனக் கண்டறியப்பட்டது. எலும்பு முறிவு இருசாராருக்கும் ஒன்றே. மாறுபட்டது கேட்கும் ஆற்றல் மட்டுமே.

இக்குறையை நீக்க உடற்குறிகளைப் படிக்கும் அளவுகோல்கள் உருவாக்கப்பட்டன. பெட்ஃபோர்டு மருத்துவமனைக் குழுவினர் 2003இல் வெளியிட்ட ‘பெய்னாட்’ அளவுகோல் அவற்றுள் எளியது. மூச்சின் தன்மை, முனகல் முதலிய குரல், முகக்குறிப்பு, உடலின் இறுக்கமும் அசைவும், தேற்றும்போது அமைதியுறும் தன்மை ஆகிய ஐந்தும் ஒவ்வொன்றும் 0 முதல் 2 வரை மதிப்பிடப்படுகின்றன. மொத்தம் 10. சில நிமிடங்கள் கூர்ந்து நோக்கினால் போதும். வீட்டில் பராமரிப்பவரும் பயிற்சி பெற்று இதனைக் கையாளலாம். படுத்திருக்கும்போது மட்டுமன்றிப் புரட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் நோக்குதல் இன்றியமையாதது. அசைவின்போதே மறைந்த வலி வெளிப்படும்.

எடுத்துக்காட்டாக, ஆடை மாற்றும்போதெல்லாம் கையை ஓங்கி அடிக்கும் ஒரு மூதாட்டியைக் கருதலாம். அச்செயல் நோயின் முரட்டுத்தனமாகக் கொள்ளப்பட்டால் அவருக்கு உறக்கமூட்டும் மருந்தோ மனநோய் மருந்தோ தரப்படும். அதுவே தோள்மூட்டு இறுகியதன் வலியாக இருக்கலாம். மேற்கு நார்வேயின் 18 முதியோர் இல்லங்களில் கிளர்ச்சி நடத்தை உடைய 352 மறதிநோயாளிகளிடம் பெட்டினா ஹுசேபோவும் பிறரும் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று தருகிறது. வலிநீக்கிகளைப் படிமுறையாக எட்டு வாரங்கள் தந்ததில் கிளர்ச்சி நடத்தை, வழமையான பராமரிப்புப் பெற்றோரை ஒப்பிட, 17 விழுக்காடு குறைந்தது. அவர்களுள் பெரும்பாலோர் பெற்ற மருந்து நாமறிந்த பாரசிட்டமாலே. மறுபுறம், மறதிநோயாளிகளுக்குத் தரப்படும் மனநோய் மருந்துகள் இறப்பின் வாய்ப்பைக் கூட்டுகின்றன என அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005இல் எச்சரித்துள்ளது. ஆகவே கிளர்ச்சி நடத்தையைக் கண்டவுடன் முதலில் தேட வேண்டியவை வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தேக்கம், பல் நோய், படுக்கைப்புண் ஆகியனவேயாகும்.

உணவு: ஊட்டுதலும் செலுத்துதலும்

மூன்று களங்களுள் தமிழ்க் குடும்பத்தை மிகுதியும் கலங்கச் செய்வது உணவே. ‘சாப்பிட்டாயா’ என்பதே நலம் உசாவும் மொழியாக உள்ள பண்பாட்டில், உணவு இறங்காத நிலை அன்பே தோற்ற நிலையாக உணரப்படுகிறது. அத்தருணத்தில் மூக்குவழிக் குழாயோ வயிற்றில் துளையிட்டுப் பொருத்தும் குழாயோ பரிந்துரைக்கப்பட்டால் அதனை மறுப்பது பட்டினி போடுவதற்கு ஒப்பாகத் தோன்றும்.

சான்றுகள் வேறு கூறுகின்றன. 1999இல் தாமஸ் ஃபினுகேனும் பிறரும் செய்த தொகுப்பாய்வு முதலாக, குழாய்வழி உணவு முற்றிய மறதிநோயாளியின் வாழ்நாளை நீட்டுகிறது என்பதற்கோ, புரையேறுவதால் வரும் நிமோனியாவைத் தடுக்கிறது என்பதற்கோ, படுக்கைப்புண்ணைத் தவிர்க்கிறது என்பதற்கோ சான்று கிடைக்கவில்லை. இதன் காரணம் எளிதில் விளங்கும். நிமோனியாவிற்கு வழிவகுப்பது உணவு மட்டுமன்று. வாயில் ஊறும் உமிழ்நீரும் வயிற்றிலிருந்து எதுக்களித்து வருவதும் மூச்சுக்குழாயில் புகுகின்றன. குழாய் அவற்றைத் தடுப்பதில்லை. மேலும், குழாயை ஏன் பொருத்தியுள்ளனர் என அறியாத நோயாளி அதனைப் பிடுங்க முயல்வார். அதனைத் தடுக்க அவர் கைகள் கட்டப்படும். 2013இல் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம், முற்றிய மறதிநோயில் வயிற்றுக்குழாயைப் பரிந்துரைக்க வேண்டா எனவும், மாறாக வாய்வழி ஊட்டுதலுக்குத் துணை செய்க எனவும் அறிவுறுத்தியது.

கையால் ஊட்டுதல் குழாய்க்கு மாற்றாக ஒன்றும் செய்யாதிருத்தல் அன்று. அது உழைப்பும் பொறுமையும் மிகுந்த செயல். நோயாளி விழித்திருக்கும் வேளையைத் தேர்தல், நிமிர்த்தி அமர்த்துதல், சிறு கவளமாகத் தருதல், விழுங்கியதை உறுதி செய்து அடுத்த கவளம் தருதல், குழைந்த சோறு, கஞ்சி, மசித்த பழம் என அவருக்கு இறங்குவதையும் அவர் விரும்பியதையும் அறிதல், உணவுக்குப் பின் சற்று நேரம் சாய்க்காதிருத்தல் ஆகியன அதன் கூறுகள். முகத்தைத் திருப்பினாலோ, வாயை மூடினாலோ, இருமினாலோ நிறுத்திவிட வேண்டும். எவ்வளவு உண்டார் என்பது இங்கு அளவுகோல் அன்று. இதமாக உண்டாரா என்பதே அளவுகோல். இதனை ‘இதத்திற்காக மட்டும் ஊட்டுதல்’ என மருத்துவ ஆவணத்தில் எழுதுமாறு 2010இல் ஒரு முன்மொழிவு வந்தது. ‘உணவு நிறுத்தம்’ என்னும் குறிப்புக் குடும்பத்தாருக்குத் தரும் குற்றவுணர்வை இத்தொடர் அகற்றுகிறது. எது செய்யப்படும் என்பதை அது கூறுகிறது.

இறுதி நாள்களில் உடல் உணவை ஏற்பது குறைந்து நின்றுபோகிறது. அப்போது துன்பம் தருவது பெரும்பாலும் வாய் உலர்தலே. ஈரத்துணியால் இதழை நனைத்தலும் வாயைத் தூய்மை செய்தலும் அதனைத் தணிக்கும். உயிர் பிரியும் தறுவாயில் உறவினர் பால் ஊற்றும் வழக்கம் தமிழரிடையே உண்டு. அது ஊட்டத்திற்காகச் செய்யப்படுவதன்று. விடைகொடுத்தலின் பொருட்டுச் செய்யப்படுவது. ஊட்டச்சத்தின் அளவு கருதாமல் உறவின் பொருட்டு ஊட்டுதல் என்னும் கருத்து நம் மரபிற்குப் புதிதன்று என்பதை இவ்வழக்கம் உணர்த்துகிறது. புரையேறாதவாறு இதழை நனைக்கும் அளவில் அதனைச் செய்தல் நலம்.

நோய்த்தொற்றும் மருத்துவமனையும்

நிமோனியா வந்த முற்றிய மறதிநோயாளிக்கு நுண்ணுயிர்க்கொல்லி தருவது வாழ்நாளைச் சிறிது நீட்டலாம். ஆனால் இதத்தைக் கூட்டுவதில்லை என்பது பாஸ்டன் ஆய்வின் தரவுகளைக் கொண்டு 2010இல் வெளியான முடிவு. ஆகவே வினா ‘மருந்து தருவதா, வேண்டாவா’ என்பதன்று; ‘எந்த நோக்கத்திற்காக’ என்பதே. வாழ்நாள் நோக்கமாயின் மருந்து பொருந்தும். வாய்வழி மாத்திரையே போதுமாயின் ஊசியும் இடமாற்றமும் தவிர்க்கப்படலாம். இதமே நோக்கமாயின் காய்ச்சலைத் தணித்தல், தலைப்பகுதியை உயர்த்திப் படுக்கவைத்தல், மூச்சுத்திணறலுக்கு மருத்துவர் மேற்பார்வையில் சிறிய அளவு மார்ஃபின் தருதல் ஆகியன முழுமையான சிகிச்சையாகும்.

மருத்துவமனை இடமாற்றம் இந்நோயாளிகளுக்குத் தனித்துயர் தருவது. அறிமுகமற்ற இடமும் முகங்களும் இரவு விளக்கும் குழப்பத்தைப் பெருக்குகின்றன. எனினும் இடமாற்றம் எப்போதும் விலக்கத்தக்கது அன்று. இடுப்பெலும்பு முறிந்தவருக்கு அறுவை சிகிச்சையே வலியைத் தணிக்கும் வழியாக அமையலாம். அங்கு அறுவையும் இதம் பேணலின் பகுதியே.

ஓர் எதிர்வாதம்

இதம் என்னும் சொல் புறக்கணிப்பிற்குப் போர்வையாகிவிடாதா என்னும் ஐயம் நியாயமானது. தொடக்க நிலையிலோ இடைநிலையிலோ உள்ள ஒருவருக்குக் கண்புரை அறுவையோ, செவிக்கருவியோ, சிறுநீர்த் தொற்றுக்கு மருந்தோ ‘எதற்கு இனி’ என்று மறுக்கப்படின் அது தணிப்புப் பராமரிப்பு அன்று, உரிமை மறுப்பு. டாம் கிட்வுட் 1997இல் வெளியிட்ட தம் நூலில் மறதிநோயாளியின் உளத்தேவைகளை ஐந்து இதழ் கொண்ட மலராக உருவகித்தார். இதம், பிணைப்பு, உள்ளடங்கல், ஈடுபாடு, தன்னடையாளம் ஆகியன இதழ்கள், நடுவில் அன்பு. இதம் ஏனைய நான்கிலிருந்து பிரிக்கப்படும்போதே புறக்கணிப்பாகத் திரிகிறது. பெயர் சொல்லி அழைத்தல், செய்யப்போவதைச் சொல்லிவிட்டுத் தொடுதல், பழகிய பாட்டு, பழகிய மணம் ஆகியன முற்றிய நிலையிலும் பொருளுடையன.

சட்டமும் சமூகச் சூழலும்

இந்தியாவில் இதற்கான சட்டச் சூழல் அண்மைக் காலத்தில் உருவாகியுள்ளது. மார்ஃபின் கிடைப்பதற்கு இருந்த தடைகளைப் போதைமருந்துச் சட்டத்தின் 2014ஆம் ஆண்டுத் திருத்தம் தளர்த்தியது. முன்கூட்டிய மருத்துவ விருப்பாவணத்தை உச்சநீதிமன்றம் 2018 மார்ச் 9இல் ஏற்றது. நீதித்துறை நடுவரின் மேலொப்பம் வேண்டும் என்னும் கடினமான விதியை 2023 சனவரியில் தளர்த்தி, சான்றுறுதி அலுவலர் அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் முன்னிலையில் செய்தால் போதும் என்றது. மறதிநோயாளிக்கு இது தனிச்சிறப்புடையது. ஆவணம் எழுதும் தெளிவு நோயின் தொடக்கத்தில் மட்டுமே இருக்கும். எனவே நோய் கண்டறியப்பட்ட காலமே இவ்வுரையாடலைத் தொடங்கும் காலமாகும்.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இல்லம் தேடி வழங்கும் சேவைகளுள் நோய் ஆதரவுச் சேவையும் ஒன்று. வலி மதிப்பீடு, கையால் ஊட்டும் முறை, வாய்த் தூய்மை, படுக்கைப்புண் தடுப்பு ஆகியவற்றை வீட்டிலுள்ள மனைவி, மகள், மருமகள் ஆகியோர்க்குக் கற்பிக்க இத்தகைய சேவை ஏற்ற வாயிலாகும். பராமரிப்புச் சுமையின் பெரும்பகுதியைத் தாங்குவோர் அவர்களே.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

மறதிநோய் இறப்பில் முடியும் நோய் என்பதைக் குடும்பத்தார் முன்னரே அறிதல், நோயாளிக்கு நேரும் பயனற்ற தலையீடுகளைக் குறைக்கும் வாயிலாகிறது.

பேச்சிழந்தவரின் வலியை உடற்குறிகளால் அறிய இயலும். கிளர்ச்சி நடத்தைக்கு மனநோய் மருந்து தருமுன் வலியைத் தேடுதல் கடமையாகும்.

முற்றிய நிலையில் குழாய்வழி உணவினும் கையால் ஊட்டுதலே தக்கது. அதன் அளவுகோல் உண்ட அளவன்று, நோயாளியின் இதமே.

தமிழாய்வாளர்க்கும் இதில் பணி உண்டு. முகம் சுளித்தல், முனகுதல், விறைத்தல், அரற்றுதல் போன்ற சொற்களின் பொருள் எல்லைகளை வட்டார வழக்குகளோடு வரையறுத்தால், வலி அளவுகோல்களைத் தமிழ்ப் பராமரிப்பாளர் ஐயமின்றிப் பயன்படுத்தும் வடிவில் அமைக்கலாம். நோயின் தொடக்கம் முதல் முடிவு வரையிலான போக்கைக் குடும்பத்தாரிடம் உரைப்பதற்கு ஏற்ற, அச்சுறுத்தாததும் மறைக்காததுமான மொழிநடையை உருவாக்குதலும் மொழியியலாளரும் மருத்துவரும் இணைந்து ஆற்ற வேண்டிய பணியாகும்.